கேட்காதவர்களின் நிலத்தில் போடப்பட்ட தண்டவாளங்கள்

கிருலப்பனை ஊடாக அவிசாவளை நோக்கிச் செல்லும் களனிவெளி ரயில் பாதை இன்று நாட்டின் ஏனைய பாதைகளைப் போன்று அகலப் பாதையாகவே காணப்படுகின்றது. தொண்ணூறுகளில் அது மாற்றியமைக்கப்படும் வரை, இரண்டரை அடி இடைவெளி மட்டுமே கொண்ட குறுகிய தண்டவாளத்தில் சின்னஞ்சிறு பெட்டிகள் ஊர்ந்து சென்றதைக் கண்ட தலைமுறையினர் இப்பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். இதனை எழுதுபவரும் அவர்களுள் ஒருவர். ஓடும்போதே இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறிவிடலாம் என்று அந்த ரயிலைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த இரண்டரை அடிக்கு ஒரு தொலைதூர உறவு உண்டு என்பது பலர் அறியாதது. களனிவெளியில் அந்த அளவு தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் சிக்கனம். தோட்டங்களின் விளைபொருளைக் குறைந்த செலவில் கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்தால் போதும் என்பதே அன்றைய கணக்கு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு அப்பாதை அமைக்கப்பட்ட அதே வருடங்களில், பிரித்தானிய இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்திலும் இரண்டரை அடிப் பாதைகள் போடப்பட்டுக் கொண்டிருந்தன. அங்கு கணக்கு வேறு. யுத்தம் மூண்டால் இந்தியாவின் பல பாகங்களிலும் உள்ள சிறு பாதைகளிலிருந்து எஞ்சின்களையும் பெட்டிகளையும் திரட்டி எல்லைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு அவை யாவும் ஒரே அளவினதாக இருக்க வேண்டும் என்று இராணுவம் வற்புறுத்தியது. இரண்டடி அளவில் தொடங்கப்பட்ட கல்கா - சிம்லா மலைப் பாதை கூட இக்காரணத்தினாலேயே இரண்டரை அடிக்கு மாற்றப்பட்டது. கோடைவாசஸ்தலத்துக்குச் செல்லும் பொம்மை ரயிலின் அகலத்தையும் தீர்மானித்தது கைபர் கணவாய் பற்றிய அச்சமேயாகும்.

2025 மார்ச் 11ஆம் திகதி, குவெட்டாவிலிருந்து பெஷாவருக்குப் புறப்பட்ட ஜாஃபர் எக்ஸ்பிரஸ் போலன் கணவாய்ப் பகுதியில் ஆயுததாரிகளால் மறிக்கப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்ட பயணிகள் அதில் இருந்தனர். மறுநாள் இராணுவ நடவடிக்கை முடிவடைந்தபோது பயணிகளும் படையினருமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். சாதாரண பயணிகளைப் பணயம் வைத்த அச்செயலை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. செய்திகளில் பலுச் விடுதலை இராணுவம் பற்றியும் பாகிஸ்தான் அரசு பற்றியும் நிறையவே பேசப்பட்டது. ஆனால், மனித சஞ்சாரம் மிகக் குறைந்த, செங்குத்தான மலைகளுக்கு நடுவே, சுரங்கத்துக்கு மேல் சுரங்கமாகத் தோண்டி ஒரு ரயில் பாதையை யார், எதற்காக அமைத்தார்கள் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. பாதை அமைந்த வரலாற்றை அறியாமல் அப்பிரதேசத்தின் இன்றைய கசப்பை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது.

சிந்து மாகாணம் 1843இலும் பஞ்சாப் 1849இலும் பிரித்தானியர் வசமாகின. இதனால் அவர்களது ஆட்சி எல்லை சிந்து நதியைத் தாண்டி, பஷ்தூன்களும் பலுச்சிகளும் பிராஹுயிகளும் வாழும் மலையடிவாரம் வரை சென்று நின்றது. அந்த மலைகளில் வரி வசூலிக்கத்தக்க விளைநிலம் சொற்பம். ஆனால் அவற்றை ஊடறுத்துச் செல்லும் கணவாய்கள் ஒவ்வொன்றும் காபூலுக்கோ காந்தஹாருக்கோ இட்டுச் செல்பவை. நிலம் பயனற்றது, வழி பயனுள்ளது என்ற இந்த முரண்பாடே அடுத்த நூறு ஆண்டுக் கொள்கை முழுவதற்கும் அடிப்படையாயிற்று எனலாம்.

இவ்விடயத்தில் ஆட்சியாளர் இரு முகாம்களாகப் பிரிந்து நின்றனர். மலைவாழ் மக்களை அவர்கள் பாட்டில் விட்டுவிட்டு, சமவெளியின் எல்லையைக் காவல் செய்தால் போதும். ரஷ்யர் வருவதானால் களைத்துச் சோர்ந்து வரட்டும், சிந்து நதிக்கரையில் சந்திப்போம் என்பது ஒரு முகாம். 1864 முதல் 1869 வரை வைஸ்ராயாக இருந்த ஜோன் லோரன்ஸ் இதன் தலையாய பிரதிநிதி. இல்லை, மலைகளுக்குள் புகுந்து கணவாய்களின் மறுவாயிலைக் கைப்பற்றி அங்கே நிற்க வேண்டும் என்பது மற்றையது. 'முன்னேறும் கொள்கை' என்று அதற்குப் பெயர். லண்டனில் கன்சர்வேடிவ் கட்சி ஆட்சிக்கு வரும்போது பின்னையதும், லிபரல் கட்சி வரும்போது முன்னையதும் ஓங்குவது வழக்கமாயிற்று. போலன் மலையில் ஆடு மேய்ப்பவன் கேள்விப்பட்டிராத ஒரு தேர்தலின் முடிவு, அவனது மேய்ச்சல் நிலத்தில் கல்லுடைப்பதா நிறுத்துவதா என்பதைத் தீர்மானித்தது.

முன்னேறும் கொள்கைக்குப் பலுசிஸ்தானில் உருவம் கொடுத்தவர் ரொபர்ட் சாண்டமன். தேரா காஸி கான் மாவட்ட அதிகாரியாக இருந்த இவர், 1876இல் கலாத்தின் ஆட்சியாளரான குதாதாத் கானுக்கும் அவரது சர்தார்களுக்கும் இடையில் சமரசம் செய்து மஸ்தூங்கில் ஓர் ஏற்பாட்டுக்கு வழிவகுத்தார். அதே ஆண்டு கைச்சாத்தான ஒப்பந்தத்தின் கீழ் பிரித்தானியப் படைகள் குவெட்டாவில் நிலைகொண்டன. சாண்டமன் முறை எனப்படுவது எளிமையானது. குலத் தலைவர்களுக்கு மாதாந்தம் பணம் கொடுப்பது. அவர்களது ஆட்களையே 'லெவி' எனப்படும் காவலர்களாக அமர்த்துவது. பிணக்குகளைத் தலைவர்கள் கூடும் ஜிர்கா மூலம் தீர்ப்பது. இவற்றுக்குப் பின்னால் ஒரு படைமுகாமை எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருப்பது. தண்டனைப் படையெடுப்புகளை விட இது மனிதத்தன்மை வாய்ந்தது என்று அக்காலத்தில் பாராட்டப்பட்டது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், தன் குலத்தாரின் சம்மதத்தில் தங்கியிருந்த ஒரு தலைவன், அரசாங்கச் சம்பளத்தில் தங்கியிருப்பவனாக மாறும்போது அவன் யாருக்குப் பதில் சொல்வான் என்ற கேள்வியை அம்முறை எழுப்பியது. பலுசிஸ்தானின் சர்தாரிகள் இன்றுவரை சுமந்து நிற்கும் கேள்வி அதுவே.

பணம் கொடுத்துத் திறக்கப்பட்ட கணவாய்களில் அடுத்து வந்தது ரயில். மத்திய ஆசியாவில் ரஷ்யா 1865இல் தாஷ்கண்டையும் 1868இல் சமர்கந்தையும் கைப்பற்றியது. 1873இல் கீவா பணிந்தது. 1880இல் கஸ்பியன் கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கி ரஷ்யா ஒரு ரயில் பாதையைத் தொடங்கியதும், ஒட்டகத்தின் வேகத்தில் அளக்கப்பட்டு வந்த ஆபத்தைக் கல்கத்தாவிலும் லண்டனிலும் எஞ்சினின் வேகத்தில் அளக்கத் தொடங்கினர். மத்திய ஆசியாவின் முஸ்லிம் ஆட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்து கொண்டிருக்க, அதனைக் காரணம் காட்டியே இப்பக்கத்து முஸ்லிம் குலங்களின் மலைகளும் அளக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது ஆப்கான் யுத்தம் 1878இல் மூண்டபோது குவெட்டாவுக்கு ரயில் கிடையாது. 1879 ஒக்டோபரில் சக்கருக்கு அருகிலுள்ள ருக் என்னுமிடத்திலிருந்து தண்டவாளம் போடத் தொடங்கி, நீரற்ற கச்சிப் பாலையைக் கடந்து, 1880 ஜனவரியில் சிபியை அடைந்தனர். ஏறக்குறைய 133 மைல், 101 நாட்கள். அக்காலத்துக்கு அது வியக்கத்தக்க வேகம். சமதரையான பாலைவனம் அது. மண்ணை அதிகம் வெட்டவும் தேவையில்லை, எவரிடமும் கேட்கவும் தேவையில்லை. சிபிக்கு அப்பால் மலை தொடங்கியதும் வேகம் மறைந்தது.

1880 இளவேனிலில் லண்டனில் ஆட்சி மாறி கிளாட்ஸ்டன் பிரதமரானார். ஜூலை 27ஆம் திகதி காந்தஹாருக்கு அண்மையில் மைவந்தில் பிரித்தானியப் படை படுதோல்வியுற்றது. மலையில் வேலை செய்து கொண்டிருந்தவர்கள் அவசரமாகத் திருப்பி அழைக்கப்பட்டனர். திரும்பும் வழியில் மரி குலத்தவர் அவர்களைத் தாக்கிச் சூறையாடினர். இதற்குப் பதிலடியாக அதே ஆண்டு ஒரு படை மரி நிலத்தினுள் அனுப்பப்பட்டுத் தண்டமும் விதிக்கப்பட்டது. பாதைத் திட்டம் கைவிடப்பட்டது. கொண்டுவந்த பொருட்கள் திருப்பி அனுப்பப்பட்டன.

இதன்பின் நடந்ததே இக்கதையின் விசித்திரமான பகுதி. 1883இல் ரஷ்யா மேர்வ் நகரை நெருங்கிக் கொண்டிருக்க, அதே கிளாட்ஸ்டன் அரசாங்கம் கைவிட்ட பாதையை மீண்டும் தொடங்கத் தீர்மானித்தது. ஆனால் 'ரயில்' என்ற சொல்லைப் பயன்படுத்தினால் பாராளுமன்றத்தில் கேள்வி எழும். மூன்று வருடங்களுக்கு முன் கைவிட்டது தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அதற்கு 'ஹர்னாய் வீதி மேம்பாட்டுத் திட்டம்' என்று பெயரிடப்பட்டது. ஜேம்ஸ் பிரவுண் என்ற பொறியியல் கேணல் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். மாட்டு வண்டிக்குத் தேவைப்படாத சாய்வுகளும், வண்டி வீதிக்கு எவரும் தோண்டாத சுரங்கங்களும் 'வீதி' என்ற பெயரில் உருவாகின. 1885இல் பஞ்ச்தேயில் ரஷ்யரும் ஆப்கானியரும் மோதி யுத்தம் நெருங்கியதாகத் தோன்றிய பின்னரே வேடம் கலைந்து, அது சிந்து - பிஷின் அரசாங்க ரயில் பாதை என்ற தன் பெயரை வெளிப்படையாகப் பெற்றது. அரசாங்கங்கள் தாம் செய்வதற்கு வேறு பெயர் சூட்டுவது நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் ஹர்னாயை நினைவிற் கொள்ளலாம்.

அந்த 'வீதி'யில் உயிர் கொடுத்தவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் கச்சிச் சமவெளி உலகின் மிக வெப்பமான இடங்களுள் ஒன்று; மாரியில் மலையுச்சி உறைபனி. பஞ்சாப், சிந்து, மக்ரான், ஆப்கானிஸ்தான் என்று பல இடங்களிலிருந்தும் வந்த கூலியாட்கள் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் போதிய காய்கறி உணவின்மையால் வரும் ஸ்கேவி நோய்க்கும் பெருந்தொகையாகப் பலியாகினர். சப்பர் பிளவு என்னும் ஆழமான மலை வெடிப்பின் குறுக்கே கட்டப்பட்ட இரும்புப் பாலத்துக்கு, 1887 மார்ச்சில் அதனைத் திறந்துவைத்த கொனாட் கோமகளின் பெயர் வைக்கப்பட்டது. இறந்தவர்களின் பெயரை எந்தப் பாலமும் தாங்கவில்லை. நமது மலையகப் பாதைகளை அமைத்த தென்னிந்தியத் தொழிலாளர்களின் கதையை அறிந்த வாசகர்களுக்கு இதில் புதிதாக எதுவுமிராது.

ஹர்னாய் வழி சுற்றுவழி என்பதால், போலன் கணவாய் ஊடாக இன்னொரு பாதை அவசரமாக அமைக்கப்பட்டு 1886இல் குவெட்டாவை அடைந்தது. ஆற்றுப் படுகையிலேயே போடப்பட்டிருந்த அப்பாதையை வெள்ளம் சில வருடங்களில் அள்ளிச் சென்றது. பின்னர் உயரமான இடமாகப் பார்த்து அது மீண்டும் அமைக்கப்பட்டது. 2025இல் செய்தியில் அடிபட்டது அந்தத் தடமே. குவெட்டாவுக்கு அப்பால் கோஜக் மலையைக் குடைந்து 1888இலிருந்து 1891 வரை ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நீளமான சுரங்கம் அமைக்கப்பட்டது. வேல்ஸ் நாட்டிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் தருவிக்கப்பட்டனர். 1890 - 91 மாரியில் பரவிய டைபஸ் காய்ச்சலில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மடிந்தனர். எழுபதுகளின் பிற்பகுதியில் பாகிஸ்தானின் ஐந்து ரூபா நாணயத்தாளில் இச்சுரங்கத்தின் வாயிலே அச்சிடப்பட்டிருந்தது.

சுரங்கத்தைக் கடந்து 1892 ஜனவரியில் பாதை சமனை அடைந்தது. எதிரே தெரியும் சமவெளியில் எழுபது மைலுக்கும் குறைவான தொலைவில் காந்தஹார். உத்தரவு வந்தவுடன் அதுவரை போட்டுவிடுவதற்குத் தேவையான தண்டவாளங்களும் சிலிப்பர்களும் சமனில் அடுக்கி வைக்கப்பட்டன. ஆப்கானிய அமீர் அப்துர் ரஹ்மானுக்குப் பிரித்தானியர் வருடாந்த மானியமும் ஆயுதமும் கொடுத்து வந்தபோதிலும், இச்சுரங்கத்தைத் தன் வயிற்றில் செருகப்பட்ட கத்தியாகவே அவர் கருதினார். தன் குடிமக்கள் அந்த ரயிலைப் பயன்படுத்துவதையும் தடை செய்தார். இத்தனை செலவில் முடிக்கப்பட்ட பாதையின் அந்தமான நிலையத்தில் ஏறுவதற்கு மறுபக்கத்து வணிகர்களுக்கு அனுமதியில்லை. மறுவருடம் டூரண்ட் கோடு கீறப்பட்டு, குலங்களின் நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

இத்திட்டமிடலில் அங்கு வாழ்ந்த மக்கள் எங்கே இருந்தார்கள்? மூன்று இடங்களில் மட்டுமே என்று கூறலாம். கொடுப்பனவுப் பட்டியலில் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. காவற்பட்டியலில் லெவிகளின் எண்ணிக்கை இருந்தது. தண்டப் பட்டியலில் குலங்களின் பெயர்கள் இருந்தன. எங்கே நிலையம் வேண்டும், எந்தச் சந்தைக்கு வழி வேண்டும் என்று எவரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது பட்டியலே மிகவும் பாரதூரமானது. 1872இல் முதன்முதலில் கொண்டுவரப்பட்டு, 1887இல் திருத்தப்பட்டு, 1901இல் இறுதி வடிவம் பெற்ற எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குவிதி, கூட்டுப் பொறுப்பு என்ற கோட்பாட்டைச் சட்டமாக்கியது. ஒரு குலத்தின் நிலத்தில் தந்திக் கம்பி அறுக்கப்பட்டாலோ, பாதை சேதமாக்கப்பட்டாலோ, எவன் செய்தான் என்று தேட வேண்டியதில்லை. குலம் முழுவதுமே பொறுப்பு. கொடுப்பனவை நிறுத்தலாம், கால்நடைகளைப் பறிக்கலாம், சமவெளிச் சந்தைக்கு வரவிடாமல் தடுக்கலாம், குற்றத்துக்குத் தொடர்பேயில்லாத உறவினரைச் சிறையில் வைக்கலாம். வழக்கறிஞரின் உதவிக்கோ நீதிமன்ற மேன்முறையீட்டுக்கோ இடமில்லை. ரயிலையும் தந்தியையும் வீதியையும் மலைக்குள் கொண்டு சென்ற அதே கை, அவற்றைக் காப்பதற்கு இச்சட்டத்தையும் கொண்டு சென்றது.

1897இல் மலக்கந்த் முதல் திரா வரை எல்லைப்புறம் முழுவதும் கிளர்ந்தெழுந்தது. பணம் வாங்கிக்கொண்டு கைபரைக் காத்துவந்த அப்ரிதிகளே கைபரின் கோட்டைகளைக் கைப்பற்றினர். திராப் படையெடுப்புக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம் துருப்புகள் தேவைப்பட்டன. 1899இல் வைஸ்ராயாக வந்த கர்சன் பிரபு இதிலிருந்து ஒரு பாடம் கற்றார். நிரந்தரப் படைகளை மலைகளிலிருந்து பின்வாங்கி, குல மக்களைக் கொண்ட மிலிஷியாக்களை முன்னால் நிறுத்தினார். படைகளைப் பின்னால் வைத்து, தேவைப்படும்போது விரைந்து அனுப்புவதற்கு மலையடிவாரம் வரை சிறு ரயில் பாதைகளை அமைத்தார். நௌஷேராவிலிருந்து தர்காய்க்கும், கோஹாட்டிலிருந்து தாலுக்கும் சென்ற இரண்டரை அடிப் பாதைகள் இக்கொள்கையின் விளைவுகள். 1901இல் வடமேற்கு எல்லைப்புற மாகாணமும் தனியாக உருவாக்கப்பட்டது.

அதே காலத்தில் காபூல் நதியை ஒட்டி, கைபருக்கு வடக்காக ஆப்கான் எல்லை நோக்கி லோய் ஷில்மான் பாதை தொடங்கப்பட்டது. 1907இல் பிரித்தானியாவும் ரஷ்யாவும் உடன்படிக்கை செய்து கொண்டன. அச்சம் தணிந்தது, அப்பாதையும் கைவிடப்பட்டு, போட்ட தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஊருக்கென்று போடப்பட்டிருந்தால் ஐரோப்பாவில் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கை அதனைப் பெயர்த்திருக்காது.

1919இல் மூன்றாவது ஆப்கான் யுத்தம் வந்ததும் மீண்டும் கைபர் நினைவுக்கு வந்தது. விக்டர் பெய்லி என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் 1920இல் தொடங்கிய கைபர் பாதை 1925 நவம்பர் 2ஆம் திகதி லண்டி கோட்டல் வரை திறக்கப்பட்டது. 34 சுரங்கங்கள், 92 பாலங்களும் மதகுகளும். ஏற்றம் கடுமையாகையால் ரயில் முன்னும் பின்னுமாகத் திசைமாறி ஏற வேண்டிய இடங்கள் இருந்தன. முன்னால் ஓர் எஞ்சினும் பின்னால் ஓர் எஞ்சினும் பூட்டப்பட்டன. நிலையங்கள் துப்பாக்கித் துவாரங்களுடன் கோட்டைகளாகவே கட்டப்பட்டன. ஆயினும் முந்திய பாதைகளிலிருந்து இது ஒரு விடயத்தில் வேறுபட்டது. பெய்லி அப்ரிதி, ஷின்வாரித் தலைவர்களுடன் ஜிர்காக்களில் அமர்ந்து பேசினார். ஒவ்வொரு குலத்தின் நிலத்திலும் நடைபெறும் வேலையை அக்குலத்தவருக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார். எதிர்பார்க்கப்பட்ட பெரிய எதிர்ப்பு எழவில்லை. கேட்டால் கிடைக்கும் என்பது ஐம்பது வருடங்கள் கழித்துத் தெரிய வந்தது போலும். ஆனாலும் அவர்களிடம் கேட்கப்பட்டது எப்படிக் கட்டுவது என்பது தான்; கட்டுவதா என்பதல்ல. எல்லைக்கு அருகிலுள்ள லண்டி கானா வரை 1926இல் நீட்டப்பட்ட பகுதி, 1932 டிசம்பரில் மூடப்பட்டு இன்றுவரை திறக்கப்படவில்லை.

இப்பாதைகளால் நன்மையே விளையவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. குவெட்டாவின் பழங்கள் கராச்சிக்கும் லாகூருக்கும் சென்றன. கோஸ்ட் பகுதியின் நிலக்கரி வெளியே வந்தது. 1935 மே 31ஆம் திகதி குவெட்டா நகரமே பூகம்பத்தில் தரைமட்டமாகிப் பல்லாயிரக்கணக்கானோர் இறந்தபோது, உயிர் பிழைத்தவர்களை வெளியேற்றியதும் நிவாரணத்தைக் கொண்டுவந்ததும் அந்த ரயிலே. முதலாம் உலக யுத்தத்தில் உருக்குக்குக் குரோமியம் தேவைப்பட்டபோது இந்துபாக் வரை ஓர் இரண்டரை அடிப் பாதை போடப்பட்டு, 1929இல் சாண்டமன் கோட்டை எனப்பட்ட ஜோப் வரை நீட்டப்பட்டது. பனியில் புதைந்து நின்று போகும் அந்த ரயிலில் ஊர் மக்களும் ஏறினர். படைக்காகப் போட்ட பாதையிலும் மக்கள் ஏறுவார்கள். ஆனால் அவர்களுக்காகப் போடப்படாத பாதை அவர்களுக்காகப் பராமரிக்கப்படுவதுமில்லை. சப்பர் பாலப் பகுதியை 1942இல் வெள்ளம் சேதப்படுத்தியது. அது மீளக் கட்டப்படாமல் கழற்றப்பட்டது. ஜோப் ரயில் எண்பதுகளின் நடுப்பகுதியில் நின்றது. கோஹாட் - தால் பாதை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டது. உல்லாசப் பயணிகளுக்காக ஓடிய கைபர் ரயிலும் 2006 அளவில் வெள்ளம் பாதையை அரித்தபின் ஓடவில்லை.

தண்டவாளங்கள் போன பின்னரும் சட்டம் போகவில்லை. சுதந்திர பாகிஸ்தான் எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குவிதியைப் பழங்குடிப் பகுதிகளில் அப்படியே வைத்துக்கொண்டது. பிரித்தானியர் முஸ்லிம்கள் மீது விதித்த கூட்டுத் தண்டனையை ஒரு முஸ்லிம் அரசு எழுபது வருடங்கள் தொடர்ந்தது என்பது வேதனைக்குரிய உண்மை. 2018இல் அரசியலமைப்பின் 25ஆவது திருத்தத்தின் மூலம் அப்பகுதிகள் கைபர் பக்துன்குவா மாகாணத்துடன் இணைக்கப்பட்டபோதே அது முடிவுக்கு வந்தது. அவசரத்துக்கு என்று கொண்டுவரப்படும் சட்டங்களின் ஆயுள் எவ்வளவு என்பதை, 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் வடபகுதிப் பாதையின் தொடக்கம் இதற்கு மாறானது. யாழ்ப்பாணத்து மக்கள் நெடுங்காலம் மனுக்கொடுத்துக் கேட்ட பாதை அது. வன்னிக் காட்டினூடாகப் போட்டால் வருமானம் வராது என்ற வாதங்களைத் தாண்டி 1905இல் காங்கேசன்துறை வரையான பாதை முழுமையடைந்தது. படைக்காக அன்றி மக்களின் போக்குவரத்துக்கும் சரக்குக்குமாக வந்ததால், யாழ்தேவி ஒரு ரயிலின் பெயராக மட்டுமன்றி ஒரு சமூகத்தின் வாழ்க்கைப் பகுதியாகவும் ஆயிற்று. ஆனால் யுத்தம் வந்ததும் கேட்டு வாங்கிய பாதைக்கும் அதே கதி நேர்ந்தது. துருப்புகளை ஏற்றிச் சென்ற ரயில் தாக்கப்பட்டது; 1990இல் சேவை நின்றது; தண்டவாளங்களும் சிலிப்பர்களும் பதுங்கு குழிகளுக்குள் சென்றன. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது, ஒரு தலைமுறை ரயிலையே காணாமல் வளர்ந்திருந்தது. இருப்பினும் பாதை மீண்டும் வந்தது. அது வேண்டும் என்று கேட்பதற்கு இருபத்துநான்கு வருடங்களுக்குப் பின்னரும் ஆட்கள் இருந்தார்கள். லண்டி கானாவுக்கு அப்படிக் கேட்பவர்கள் எவருமில்லை.

இப்போது எல்லைப்புறத்தில் மீண்டும் ஒரு பாதை வரையப்படுகின்றது. உஸ்பெகிஸ்தானின் தெர்மெஸிலிருந்து ஆப்கானிஸ்தானின் ஊடாகப் பாகிஸ்தானின் குர்ரம் மாவட்டத்திலுள்ள கார்லாச்சிக்கு வரும் ரயில் பாதைக்கான சாத்தியக்கூற்று ஆய்வு தொடர்பாக 2025 ஜூலை 17ஆம் திகதி காபூலில் மூன்று நாடுகளும் ஒரு சட்டக உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. கர்சன் காலத்துச் சிறு பாதை வந்து நின்ற தால், இதே குர்ரம் பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ளது. இம்முறை காரணம் ரஷ்யா அல்ல. மத்திய ஆசியாவின் சரக்கைக் கராச்சி, குவாதார் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்வது. குர்ரமிலோ 2024 நவம்பரிலிருந்து சுன்னி, ஷியாக் குலங்களிடையே மூண்ட மோதல்களால் பிரதான வீதியே மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. பராசினார் மக்கள் மருந்துக்கும் மாவுக்கும் அல்லற்பட்டனர். உடன்படிக்கை கைச்சாத்தாகி மூன்று மாதங்கள் கழிவதற்குள், அவ்வாண்டு ஒக்டோபரில், பாகிஸ்தான் படைகளுக்கும் ஆப்கானியப் படைகளுக்கும் இடையே எல்லை நெடுகிலும் துப்பாக்கிச் சண்டை மூண்டது. கார்லாச்சிக் கடவையும் தோர்கம், சமன் கடவைகளும் மூடப்பட்டன. பழங்களை ஏற்றிய லொறிகள் இருபுறமும் வரிசையில் நின்றன.